உளிக்குத் தோல்பட்டையில் எதைப் பூசுவது?

உளி தீட்டுவதைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசினால், கல்லில் தீட்டிய உளியை மெருகேற்றத் தோல்பட்டையில் பூசும் பாலிஷ் கட்டியின் நிறத்தில்தான் பேச்சு கடைசியில் போய் நிற்கும். பச்சைதான் உளிக்கு ஏற்றது என்பார் ஒருவர். வெள்ளை போட்டால் கூர் போய்விடும் என்பார் இன்னொருவர். வைரப் பேஸ்ட் வந்த பிறகு மற்றதெல்லாம் எதற்கு என்பார் மூன்றாமவர். மூவரும் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் மூவர் கையில் இருப்பதும் வேறு உளி, வேறு கல், வேறு தோல். ஒருவருக்குப் பலித்தது அடுத்தவருக்குப் பலிக்காமல் போக, பழி கட்டியின் மேல் விழுகிறது.

காவிரிப் படுகையில் கை உளியின் வேலை இன்னும் குறையவில்லை. தஞ்சாவூர் வீணைக்குப் பலாவைக் குடைய வேண்டும். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரத்தைக் கடைய வேண்டும். கோயில் தேருக்கு இலுப்பையிலும் தேக்கிலும் யாளியும் பூதகணமும் செதுக்க வேண்டும். உப்புத்தாள் நுழைய முடியாத மூலைகளில் உளியின் கூர்தான் கடைசி மெருகு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களையும், வீட்டில் ஆசைக்கு மரவேலை பழகுகிறவர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

கட்டியின் நிறம் உங்களுக்கு எந்த உத்தரவாதமும் தராது. அதற்குப் பதிலாக மூன்றைக் கேளுங்கள்: அதில் உள்ள துகள் எவ்வளவு பெரியது? உங்கள் உளியின் எஃகைவிடக் கடினமானதா? அதை எதன் மேல் பூசப் போகிறீர்கள்? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. பாதி ஏமாற்றம் அங்கேதான் பிறக்கிறது.

கூர் என்றால் என்ன

உளியின் வாயில் இரண்டு முகங்கள் சந்திக்கின்றன. ஒன்று தட்டையான முதுகு, மற்றொன்று சரிவாகத் தீட்டப்பட்ட முகம். இரண்டும் சேரும் கோட்டுக்கு எவ்வளவு குறைந்த அகலம் இருக்கிறதோ அவ்வளவு கூர். அகலமே இல்லாத கோடு எந்த எஃகிலும் கிடைக்காது. ஆனால் அதை நெருங்கலாம்.

மழுங்கிய உளியை வெளிச்சத்தில் வாய் மேலே இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். தேய்ந்து உருண்டுபோன இடத்தில் பட்டு வெளிச்சம் திரும்பி வருகிறது. கூரான விளிம்பில் அப்படித் திருப்பி அனுப்ப இடமே இல்லாததால் கோடு தெரியாது. காசு செலவில்லாத சோதனை இது. தீட்டுவதற்கு முன்னும் பின்னும் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சொல்லும் தேவை: பிசிறு. சரிவு முகத்தைக் கல்லில் தேய்க்கும்போது விளிம்பின் நுனி மெலிந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் முதுகுப் பக்கம் மடங்கி நிற்கும். அந்த மெல்லிய எஃகு மடிப்புத்தான் பிசிறு. கட்டை விரலை முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே இழுத்தால் சுரசுரவென்று தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டக் கூடாது, வெட்டிவிடும். வாயின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பிசிறு தட்டுப்பட்டால், கல் விளிம்பு வரை எட்டிவிட்டது என்று பொருள். தட்டுப்படவில்லையென்றால் இன்னும் எட்டவில்லை. அந்த நிலையில் எந்தப் பாலிஷ் கட்டியும் உதவாது.

கல்லின் வேலையும் தோலின் வேலையும்

கல் விளிம்பை உருவாக்குகிறது. தோல்பட்டை, கல் விட்டுப்போன பிசிறை நீக்கி, கல் போட்ட கீறல்களின் முகட்டைக் குறைக்கிறது. உளியை மாற்றி மாற்றித் திருப்பித் தோலில் இழுக்கும்போது பிசிறு இங்குமங்கும் வளைந்து அறுகிறது. அதோடு தோலில் பூசிய துகள்கள் விளிம்பை மிக மெல்லியதாகத் தேய்த்துச் சீராக்குகின்றன. இப்படி எஃகைத் தேய்க்கிற கடினமான பொடியைத் தேய்துகள் என்று அழைப்போம். பாலிஷ் கட்டி என்பது தேய்துகளை மெழுகிலும் கொழுப்பிலும் குழைத்து வார்த்த கட்டி, அவ்வளவே.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. மொண்ணையான உளியைத் தோலில் எத்தனை முறை இழுத்தாலும் அது கூராகாது, பளபளப்பான மொண்ணையாகும். அதேபோல் சொரசொரப்பான கல்லிலிருந்து நேரே தோலுக்குப் போனால், பெரிய பிசிறு சுத்தமாக அறுகாமல் கிழிந்து, விளிம்பைப் பல்பல்லாக விட்டுப்போகும்.

இதுவரை: கூர் என்பது இரண்டு முகங்கள் சேரும் கோடு. அந்தக் கோட்டை அமைப்பது கல். பிசிறை எடுத்து மெருகிடுவது தோலும் அதில் பூசிய தேய்துகளும்.

முதல் கேள்வி: துகளின் அளவு

தேய்துகளின் அளவை மைக்ரானில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான். இந்த எண்களை மனதில் நிறுத்த நம் ஆற்று மண்ணே போதும்.

மண் அறிவியலில் பரவலாக உள்ள ஒரு பகுப்பின்படி, 50 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் மணல். 2 முதல் 50 வரை வண்டல். 2 மைக்ரானுக்குக் கீழே களி. திருச்சிப் பக்கம் ஆற்றுப் படுகையில் கால் வைத்தால் உறுத்துவது மணல். தண்ணீர் வடிந்த வாய்க்காலில் மாவு மாதிரி படிந்திருப்பது வண்டல். கடைமடை வயலில் காலைப் பிடித்துக்கொள்வது களி. மூன்றையும் ஆறே அளவு பார்த்துப் பிரிக்கிறது. கனத்த துகள் சீக்கிரம் அமிழும், நுண்ணிய துகள் நெடுநேரம் மிதக்கும்.

ஒரு சொம்பு கலங்கல் தண்ணீரைக் கலக்கி வைத்துப் பார்த்தால் இது தெரியும். 10 சென்டிமீட்டர் ஆழத்தில் 50 மைக்ரான் மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் போய்ச் சேரும். 2 மைக்ரான் துகளுக்கு 6 முதல் 8 மணி நேரம் ஆகும். துகளின் விட்டம் பாதியானால் அமிழும் வேகம் கால் பங்காகிறது என்பதே காரணம். நுண்ணிய தேய்துகள்களைத் தரம் பிரிக்கும் வழிகளில் ஒன்றும் இதுதான். பொடியைத் தண்ணீரில் கலக்கி, இத்தனை நேரத்துக்குள் அமிழ்ந்தது ஒரு தரம், அதற்குப் பிறகு அமிழ்ந்தது அடுத்த தரம் என்று வடித்தெடுப்பார்கள்.

இப்போது நம் சாமான்களை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்கக் கார்பரண்டம் கல்லின் நைஸ் பக்கமும் பெரும்பாலும் மணல் அளவை ஒட்டியே இருக்கும். பெயிண்டர்கள் வாட்டர் பேப்பர் என்கிற நீர் உப்புத்தாளில் 1000 எண் சுமார் 18 மைக்ரான், 2000 எண் சுமார் 10 மைக்ரான். இவை வண்டல். தோல்பட்டைக்கு உரிய தேய்துகள் 3 மைக்ரானிலிருந்து 0.5 வரை, சில சமயம் அதற்கும் கீழே. அதாவது களியும் களியின் எல்லையும்.

மணலிலிருந்து ஒரே தாவலில் களிக்குப் போக முயல்வதுதான் புதியவர்கள் தோற்கும் இடம். கார்பரண்டம் கல் போட்ட ஆழமான கீறலை அரை மைக்ரான் துகள் அழிக்க வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான இழுப்பு வேண்டும். அதற்குள் தோல் விளிம்பை உருட்டிவிடும். நடுவில் வண்டல் ஒன்று வேண்டும். நைஸ் கல் வாங்க வசதியில்லாவிட்டால், ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 1000, பிறகு 2000 எண் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி அதில் தேய்த்தால் போதும். இந்தச் செலவு எந்த விலை உயர்ந்த பேஸ்ட்டையும்விட உங்கள் உளியை மாற்றும்.

அளவோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொன்று, துகள்கள் ஒரே சீராக இருக்கின்றனவா என்பது. கட்டியில் பெரும்பாலான துகள் அரை மைக்ரானாக இருந்தும் நடுவே சில 5 மைக்ரான் துகள் கலந்திருந்தால், விளிம்பில் தெரியப்போவது அந்தச் சிலவற்றின் கீறல்தான். நன்றாகப் பிரித்தெடுத்த பொடிக்கு விலை கூடுவதற்கு இதுவே காரணம். நுணுக்கத்துக்கு மட்டுமல்லாமல் சீருக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறோம்.

அதற்காக எல்லாரும் அதிச் சீரான பேஸ்ட்டைத் தேட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிலைக்கதவுக்குத் துளை போடும் உளிக்கு 3 மைக்ரான் கீறல் ஒரு குறையே ஆகாது. முதல் நாலு அடியிலேயே விளிம்பு அதைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கும். வீணையின் யாளி முகத்தில் மரத்தின் குறுக்குவெட்டை வழுவழுவென்று சீவுகிறவருக்கு அது குறைதான். வேலையைப் பார்த்து அளவைத் தேருங்கள்.

இரண்டாவது கேள்வி: எஃகைவிடக் கடினமா

ஒரு பொருள் இன்னொன்றைக் கீற வேண்டுமென்றால் அதைவிடக் கடினமாக இருக்க வேண்டும். இதை அளக்க 1812-இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெடரிக் மோஸ் ஒரு வரிசை வகுத்தார். மிக மென்மையான டால்க் 1, வைரம் 10. இந்த மோஸ் வரிசையில் நன்றாகப் பதம் ஏற்றிய உளி எஃகு சுமார் 6.5-இல் நிற்கும்.

அதைச் சுற்றி மற்றவற்றை வைத்துப் பாருங்கள். சிவப்புக் கட்டியின் இரும்பு ஆக்சைடு 5.5 முதல் 6.5. ஆற்று மணலின் குவார்ட்ஸ் 7. பச்சைக் கட்டியின் குரோமியம் ஆக்சைடு 8 முதல் 8.5. வெள்ளைக் கட்டியின் அலுமினியம் ஆக்சைடு 9. வைரம் 10. வரிசையில் ஒரு படி ஏறுவது எப்போதும் ஒரே அளவு ஏற்றம் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். 9-க்கும் 10-க்கும் நடுவே உள்ள இடைவெளி மிகப் பெரியது.

உங்கள் உளி எந்த எஃகு என்பதும் இங்கே சேர்கிறது. கொல்லுப்பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையிலோ பழைய அரத்திலோ அடித்த உளி கார்பன் எஃகு. கடையில் வாங்கும் சாதாரண உளிகளும் பெரும்பாலும் அதன் இனமே. இவற்றைப் பச்சையும் வெள்ளையும் தாராளமாகத் தேய்க்கும். ஆனால் மெஷின் ரம்ப பிளேடிலிருந்தோ பிளானர் மெஷின் கத்தியிலிருந்தோ சிலர் உளியும் கீறுகத்தியும் செய்துகொள்கிறார்கள். அது ஹைஸ்பீடு எஃகு. அதற்குள் வனேடியம், டங்ஸ்டன் போன்ற உலோகங்கள் கார்பனோடு சேர்ந்து உருவான கார்பைடு என்னும் மிகக் கடினமான மணிகள் பதிந்திருக்கும். வனேடியம் கார்பைடு அலுமினியம் ஆக்சைடையும்விடக் கடினம். பச்சைக் கட்டி அந்த மணிகளைச் சுற்றியுள்ள எஃகைத் தேய்க்கும், மணிகளின் மேல் வழுக்கிப் போகும். வைரப் பேஸ்ட் தன் விலைக்கு நியாயம் செய்வது இங்கேதான்.

இதுவரை: துகள் 3 மைக்ரானுக்குக் கீழே இருக்கட்டும், அதற்கு முந்தைய கல்லும் வண்டல் அளவுக்கு இறங்கியிருக்கட்டும். கார்பன் எஃகுக்குப் பச்சையோ வெள்ளையோ போதும். ஹைஸ்பீடு எஃகுக்கு வைரம்.

கடையில் கிடைக்கும் நிறங்கள்

கும்பகோணம், நாச்சியார்கோயில், சுவாமிமலை என்று பித்தளை விளக்கும் வெண்கலச் சிலையும் வார்க்கும் ஊர்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. உலோக மெருகுச் சாமான் விற்கும் கடையில் போய்ப் பாலிஷ் கட்டி கேட்டால், அவர்கள் நினைப்பது மோட்டாரில் சுழலும் துணிச் சக்கரத்தில் பூசும் கட்டியை. அதில் நமக்கு ஆகக்கூடியதும் உண்டு, ஆகாததும் உண்டு.

பழுப்புக் கட்டியைப் பெரும்பாலும் டிரிபோலி என்பார்கள். சிலிக்கா வகைப் பொடி. பித்தளையும் அலுமினியமும் மோஸ் வரிசையில் 3-ஐச் சுற்றியே இருப்பதால் குத்துவிளக்குக்கு இது அருமையாக வேலை செய்யும். பதம் ஏற்றிய உளிக்கு மந்தம். கறுப்புக் கட்டியில் எமரி இருக்கும். அது அலுமினியம் ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் கலந்த இயற்கைக் கனிமம். வேகமாகத் தேய்க்கும், ஆனால் துகள் பெரிது. கடைசி மெருகுக்கு ஆகாது. சிவப்பு, நகைப் பட்டறையில் ரூஜ் என்று சொல்லப்படுவது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஒப்பற்றது, உளி எஃகின் மேல் ஏறத்தாழச் சறுக்கும்.

வெள்ளை என்றால் பொதுவாக அலுமினியம் ஆக்சைடு. ஆனால் அதே வெள்ளையில் 1 மைக்ரான் கட்டியும் உண்டு, அதைப்போல் பல மடங்கு பெரிய துகள் உள்ள கட்டியும் உண்டு. வெள்ளை போட்டால் கூர் போய்விடும் என்பவர் கையில் கிடைத்தது அநேகமாக இரண்டாவது வகையாக இருந்திருக்கும்.

பச்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பச்சை நிறத்தைத் தருவது குரோமியம் ஆக்சைடு. தூய குரோமியம் ஆக்சைடு பொடி அரை மைக்ரானை ஒட்டி, சீராகக் கிடைக்கும். பச்சை என்றாலே 0.5 மைக்ரான் என்ற நம்பிக்கை அதிலிருந்து வந்தது. ஆனால் கட்டியாக விற்பனைக்கு வரும் பச்சையில் பலவற்றில் அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கும். அதன் துகள் பெரிதாகவும் இருக்கும். அப்படிக் கலந்தது மோசம் என்று சொல்ல மாட்டேன். தச்சு வேலைக்கு அது வேகமாகப் பிசிறை எடுத்துவிடுகிறது, அதனாலேயே பலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் பச்சை என்பதாலேயே அது அரை மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உறையில் மைக்ரான் அளவு அச்சிட்டிருந்தால் அதை நம்பலாம், நிறத்தை நம்ப முடியாது. கட்டிக்குச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு.

குரோமியம் என்றதும் விஷம் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. தோல் பதனிடும் ஆலைக் கழிவைப் பற்றிப் பேசும்போது அஞ்சப்படும் ஆறு இணைதிறன் குரோமியம் வேறு. கட்டியில் உள்ள ஆக்சைடு மூன்று இணைதிறன் கொண்டது, தண்ணீரில் கரையாதது. ஆனாலும் எந்தப் பொடியையும் உலர்ந்த தூளாகப் பறக்கவிட்டு மூச்சில் இழுக்காதீர்கள். வேலை முடிந்து கை கழுவிவிட்டுச் சோற்றில் கை வையுங்கள்.

வைரப் பேஸ்ட் சிரிஞ்சில் வரும். 6, 3, 1, 0.5, 0.25 என்று மைக்ரான் அளவு அதன் மேலேயே எழுதியிருக்கும். அளவு வெளிப்படையாகத் தெரிவது அதன் பெரிய நன்மை. கார்பன் எஃகு உளிக்கும் அது வேலை செய்யும், கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கும் நல்ல பச்சைக் கட்டிக்கும் தேக்கில் பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்காதீர்கள். தேக்கு மரத்துக்குள்ளேயே சிலிக்கா இருக்கிறது. எந்த மெருகையும் அது சீக்கிரம் தின்றுவிடும்.

வீட்டுச் சரக்குகளைப் பற்றியும் கேட்கிறார்கள். பற்பசையில் உள்ள கால்சியம் கார்பனேட் மோஸ் வரிசையில் 3, அதனால் எஃகை ஒன்றும் செய்யாது. அரிசி ஆலை உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. பித்தளைப் பாத்திரம் துலக்க நல்லது. உளிக்குக் கடினமும் போதாது, துகள் அளவும் சீரில்லை. மெக்கானிக் கடை வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டில் கடினம் உண்டு, ஆனால் துகள் வண்டலும் மணலுமான அளவு. தோலில் ஒருமுறை பூசிவிட்டால் அந்தத் தோலைத் தூர எறிய வேண்டியதுதான்.

மூன்றாவது கேள்வி: எதன் மேல் பூசுவது

தோல் அமுங்கும். உளியை அழுத்தி இழுக்கும்போது விளிம்புக்குக் கீழே தோல் பள்ளமாகி, விளிம்பைக் கடந்ததும் மேலே எழும்பி, நுனியைச் சுற்றி உரசுகிறது. கூர் உருண்டு போவது இப்படித்தான். தோல் எவ்வளவு தடிப்போ, எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ, நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ, அவ்வளவு உருளும். 30 பாகையில் தீட்டிய உளி மெல்ல மெல்ல 35, 40 பாகை உளியாக நடந்துகொள்ளத் தொடங்கும்.

இழைப்புளியில் இது இன்னும் விரைவாகத் தெரிந்துவிடும். தகடு 45 பாகையில் உட்கார்ந்து, வாய் 30 பாகையில் தீட்டியிருந்தால், விளிம்புக்குப் பின்னே மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே 15 பாகை இடைவெளி இருக்கும். சரிவு முகத்தின் நுனி உருண்டால் அந்த இடைவெளிதான் முதலில் குறையும். தகடு மயிர் வழிக்கும் அளவுக்குக் கூராக இருந்தும் இழைப்புளி மரத்தைக் கடிக்காமல் வழுக்கும். இதைக் கண்டு கட்டியைக் குறை சொல்கிறவர்கள் ஏராளம்.

எனவே தோல் இறுகலாக, 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் இருக்கட்டும். குரோம் பதனிட்ட தோல் பொதுவாக மென்மையாகவும் இழுபடுவதாகவும் இருக்கும். மரப்பட்டை, கடுக்காய் போன்ற தாவரச் சரக்கில் பதனிட்ட தோல் இறுகல். ஆவாரம் பட்டையில் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய முறை. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு வட்டாரங்களில் அந்தத் தொழில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. செருப்பு தைக்கிறவரிடம் அடித்தோலுக்கு வைத்திருக்கும் துண்டைக் கேட்டு வாங்கி, நன்றாக இழைத்துத் தட்டையாக்கிய பலகையில் முழுப் பரப்பும் படும்படி ஒட்டுங்கள். நடுவில் காற்று நின்றால் அந்த இடம் மெத்தையாகிவிடும். வழவழப்பான பக்கம் மேலே இருந்தால் விளிம்புக்கு நல்லது. சொரசொரப்பான பக்கம் கட்டியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதிகம் அமுங்கும்.

தோலே இல்லாமலும் செய்யலாம். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகைத் துண்டின் மேல் 1 மைக்ரான் வைரப் பேஸ்ட்டைப் பொட்டுப் பொட்டாக வைத்துத் தேய்த்துவிட்டால், அமுங்காத, தட்டையான பரப்பு கிடைக்கும். இழைப்புளித் தகட்டுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

செதுக்கும் வளைந்த உளிகளுக்குத் தட்டைப் பலகை பொருந்தாது. அவற்றுக்கு ஒரு வழி இருக்கிறது. மென்மையான மரத்துண்டில் அதே உளியால் நார் போகும் திசையில் ஒரு வாய்க்கால் சீவுங்கள். அந்த வாய்க்கால் உளியின் வெளிவளைவுக்குப் பொருந்தி நிற்கும், அதில் கட்டியைப் பூசுங்கள். உள்வளைவுக்கு அதே மரத்தின் ஓரத்தை உருட்டிச் சீவி அதன் மேல் பூசுங்கள். ஒவ்வோர் உளிக்கும் தனி வாய்க்கால் வேண்டும். இத்தனைக்கும் ஒரே மரத்துண்டு போதும்.

பூசும் அளவும் இழுக்கும் விதமும்

கட்டியைத் தோலில் லேசாகத் தேய்த்தால் போதும். பூச்சுக்கு ஊடே தோல் தெரிய வேண்டும். தடிக்கப் பூசினால் துகள்கள் தோலில் பதியாமல் மெழுகோடு உருண்டு திரளும், உளி அதன் மேல் மிதந்து போகும். கட்டி காய்ந்து உதிர்ந்தால் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துணியால் பரப்புங்கள். தேங்காய் எண்ணெயும் பரவாயில்லை. நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துப் போகும்.

இழுப்பது எப்போதும் விளிம்பு பின்னால் வரும்படி. தள்ளினால் தோல் வெட்டுப்படும். சரிவு முகத்தைத் தோலில் முழுதாகப் படிய வைத்து, விளிம்பு தொடும் அளவுக்கு மட்டும் நிமிர்த்தி, உளியின் எடையோடு விரலின் எடை சேர்ந்தால் போதும் என்ற அழுத்தத்தில் இழுங்கள். இழுத்து முடிக்கும் இடத்தில் மணிக்கட்டைத் திருப்பி மேலே தூக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தக் கடைசி அசைவில்தான் விளிம்பு கெடுகிறது. நிறுத்தி, பிறகு நேராக எடுங்கள். முதுகுப் பக்கம் சற்றும் தூக்காமல் தட்டையாகவே இழுக்க வேண்டும். சரிவு முகத்தில் பத்துப் பதினைந்து, முதுகில் மூன்று நான்கு என்று மாற்றி மாற்றிச் செய்து, பிசிறு விரலில் தட்டுப்படாமல் போனதும் நிறுத்திவிடுங்கள்.

பச்சைப் பூச்சில் கறுப்புக் கோடு விழுந்தால் மகிழுங்கள், அது உங்கள் உளியிலிருந்து வந்த எஃகு. தோல் முழுவதும் கறுத்துக் கண்ணாடியாக மினுங்கினால் பழைய பூச்சைத் தகட்டின் முதுகால் வழித்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள்.

வாங்கப் போகிறவருக்கு

கார்பன் எஃகு உளிகள், பொதுவான தச்சு வேலை என்றால் மைக்ரான் அளவு போட்ட ஒரு பச்சைக் கட்டி போதும். ஒரு கட்டி பல வருடம் வரும். முதல் காசைக் கட்டியில் போடாமல் நைஸ் கல்லிலோ வாட்டர் பேப்பரிலோ போடுங்கள். ஹைஸ்பீடு எஃகு வைத்திருந்தால் 1 மைக்ரான் வைரப் பேஸ்ட், எம்.டி.எஃப் துண்டில். நுண்ணிய செதுக்கு வேலைக்கு இரண்டு படி வேண்டுமென்றால் 3, பிறகு 0.5, ஆனால் இரண்டுக்கும் தனித்தனிப் பலகை. ஒன்றில் இரண்டையும் பூசினால் பெரிய துகள்தான் பேசும்.

துகள் கலப்பதைத் தடுப்பதுதான் நம் ஊர்ப் பட்டறைகளில் கடினம். வாசலில் மணல், கொட்டகையில் புழுதி. காற்றில் வந்து உட்காரும் ஒரு மணல்துகள் உங்கள் கட்டியின் துகளைவிட நூறு மடங்கு பெரிதாக இருக்கலாம். கல்லிலிருந்து எடுத்த உளியைத் துடைக்காமல் தோலில் வைத்தாலும் இதே கேடுதான். வேலை முடிந்ததும் பட்டையைத் துணியில் சுற்றியோ மூடியுள்ள பெட்டியிலோ வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோலில் பூஞ்சை பூக்கும். அப்போது வெயிலில் காயப்போடாமல் நிழலில் காற்றாட வைத்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். சித்திரை வெயிலில் வைத்தால் மெழுகு உருகித் தோலுக்குள் இறங்கிவிடும், ஒட்டிய பசையும் விட்டுப்போகும்.

பத்து இழுப்பில் திரும்பி வந்த கூருக்கு ஒரு நாள் முப்பது இழுப்பு தேவைப்பட்டால், விளிம்பு உருண்டுவிட்டது. அன்றைக்குக் கட்டியை மாற்றிப் பார்க்காமல் நைஸ் கல்லுக்குத் திரும்புங்கள். மீண்டும் வாய் முழுக்கப் பிசிறு எழுந்த பிறகு தோலுக்கு வரலாம்.